தமனியோட ஸ்மூத் மசில் செல்லுல இருக்கற அயன் சேனல்கள்: அடிப்படையிலேர்ந்து ஒரு முழு வழிகாட்டி

தமனிச் சுவர்ல இருக்கற ஸ்மூத் மசில் செல்லுல (குழாயை சுருக்கற தசை செல்) என்னென்ன அயன் சேனல், அதாவது சவ்வு வழியா அயனிகளை உள்ள வெளிய விடற குட்டிப் புரதக் கதவு, இருக்குன்னு தேடினா ஒரு நீளமான லிஸ்ட் வரும், சி.ஏ.வி, பி.கே, கே.வி, கே.ஐ.ஆர், கே.ஏ.டி.பி, டி.ஆர்.பி.எம், டி.எம்.ஈ.எம் அப்படின்னு போயிட்டே இருக்கும். அதை மனப்பாடம் பண்றதால பெரிசா பிரயோஜனம் இல்லை, எது திறந்தா குழாய் சுருங்கும் எது திறந்தா விரியும்னு சீக்கிரமே குழம்பிடும். ஆனா ஒரு விஷயத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டா மொத்தமும் தானா அடுக்கா உக்காந்துடும்: இந்த சேனல்ல பெரும்பாலானது வந்து சேர்ற இடம் ஒண்ணுதான், செல் சவ்வோட வோல்டேஜ். அந்த வோல்டேஜ் ஒரு கால்சியம் சேனலை கட்டுப்படுத்துது, அந்த கால்சியம் குழாயோட அகலத்தை தீர்மானிக்குது. அதனால இங்க லிஸ்ட்லேர்ந்து ஆரம்பிக்காம வோல்டேஜ்லேர்ந்து ஆரம்பிக்கப் போறேன். பிசியாலஜி, பார்மசி, நர்சிங், மருத்துவம் எது படிச்சாலும் சரி, சும்மா ஆர்வத்துல படிச்சாலும் சரி, கையில ஒரு பேப்பர், பேனா, லாக் போடற கால்குலேட்டர் வச்சுக்கிட்டு படிங்க, ஏன்னா ரெண்டு மூணு கணக்கு நீங்களே போட்டாதான் இது மனசுல நிக்கும்.

படி 1: குழாயோட ஆரம் ஏன் இவ்வளவு முக்கியம்

ரத்த அழுத்தத்தையும் எந்த உறுப்புக்கு எவ்வளவு ரத்தம் போகணும்ங்கறதையும் முடிவு பண்றது பெரிய மகாதமனி இல்லை, அரை மில்லிமீட்டருக்கும் கம்மியான அகலம் உள்ள சின்ன தமனிகளும் ஆர்ட்டீரியோல்களும்தான். ஒரு குழாய் வழியா போற ஓட்டம் ஆரத்தோட நாலாவது அடுக்கை பொறுத்து மாறும்னு புவாஸே விதி சொல்லுது. கணக்கு போட்டு பாருங்க, ஆரம் 20 சதவீதம் கூடினா 1.2 இன்ட்டு 1.2 இன்ட்டு 1.2 இன்ட்டு 1.2, கிட்டத்தட்ட 2.07, அதாவது அதே அழுத்தத்துல ஓட்டம் ரெண்டு மடங்குக்கு மேல. ஆரம் 10 சதவீதம் குறைஞ்சா ஓட்டம் மூணுல ஒரு பங்கு போயிடும். கண்ணுக்கு தெரியாத அளவு ஒரு செல் சுருங்கறது உடம்பு முழுக்க தெரியறதுக்கு காரணம் இந்த நாலாவது அடுக்குதான்.

படி 2: நாலு அயனி, நாலு நம்பர்

இப்ப பேப்பரை எடுங்க. செல்லுக்கு வெளியில பொட்டாசியம் சுமார் 5 மில்லிமோலார், உள்ள சுமார் 140. சோடியம் வெளியில 145, உள்ள 10 கிட்ட. குளோரைடு வெளியில 110 கிட்ட, உள்ள சுமார் 40, இந்த 40ஐ அடிக்கோடு போட்டு வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும். கால்சியம் வெளியில கட்டுப்படாம இருக்கறது ஒரு 1.2 மில்லிமோலார், உள்ள 100 நானோமோலார், அதாவது வெளிய இருக்கறது உள்ள இருக்கறதை விட பத்தாயிரம் மடங்குக்கும் மேல.

இப்ப நெர்ன்ஸ்ட் சமன்பாடு. 37 டிகிரி உடல் வெப்பத்துல அது ரொம்ப சிம்பிள், ஒரு மின்னூட்டம் உள்ள அயனிக்கு 61 இன்ட்டு லாக் (வெளி அளவு வகுத்தல் உள் அளவு), விடை மில்லிவோல்ட்ல வரும். பொட்டாசியத்துக்கு 5 வகுத்தல் 140, அதோட லாக் எடுத்து 61ஆல பெருக்குங்க, −88 வரும். சோடியத்துக்கு +70 கிட்ட. கால்சியத்துக்கு ரெண்டு மின்னூட்டம் இருக்கறதால 61க்கு பதில் 30.5 போடணும், +120க்கு மேல போகும். குளோரைடு நெகட்டிவ்ங்கறதால குறி திரும்பிடும், −27 கிட்ட வரும்.

இந்த நம்பர் ஒவ்வொண்ணும் அந்த அயனி வோல்டேஜை எந்தப் பக்கம் இழுக்கும்னு சொல்லுது. கயிறு இழுக்கற போட்டி மாதிரி வச்சுக்கங்க, பொட்டாசியம் சேனல் நிறைய திறந்தா கயிறு −88 பக்கம் போகும், மத்தது திறந்தா எதிர்ப்பக்கம் போகும். அப்ப உண்மையில கயிறு எங்க நிக்குது? அழுத்தமே இல்லாம வெளிய எடுத்து வச்ச தமனியில −60 கிட்ட. ஆனா உடம்புல இருக்கற மாதிரி உள்ள அழுத்தம் கொடுத்து அது பாதி சுருங்கின நிலையில இருக்கறப்ப −45லேர்ந்து −35க்குள்ள. நரம்பு செல்லோட −70ஐயும் இதயத் தசையோட −85, −90ஐயும் படிச்சுட்டு வர்றவங்களுக்கு இந்த நம்பர் விநோதமா இருக்கும், ஆனா இந்த −40 சொச்சம்தான் இந்த செல்லோட வேலை செய்யற இடம், எல்லா கதையும் இந்த இடத்தை சுத்திதான் நடக்குது.

இன்னொரு விஷயத்தையும் இங்கயே சொல்லிடறேன், ஏன்னா பாடப்புத்தகங்கள்ல இதை ஒரு வரியில தாண்டிடறாங்க. இந்த செல்லோட சவ்வு மின்தடை ரொம்ப ரொம்ப அதிகம், கிகா ஓம் கணக்குல இருக்கும். 5 கிகா ஓம்னு வச்சுக்கிட்டு ஓம் விதி போடுங்க, 1 பிக்கோ ஆம்பியர் கரண்ட் ஓடினா 5 மில்லிவோல்ட் மாற்றம். ஒரு பிக்கோ ஆம்பியர்ங்கறது ஒண்ணு ரெண்டு சேனல் திறந்தாலே வரக்கூடிய கரண்ட். அதனால இந்த செல்லுல ஆயிரக்கணக்கான சேனல் ஒண்ணா திறக்கணும்னு அவசியமே இல்லை, கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சேனல்களே வோல்டேஜை நகர்த்திடும்.

படி 3: நடுவுல இருக்கற கால்சியம் கதவு

எல் டைப் கால்சியம் சேனல், அதாவது சி.ஏ.வி 1.2, CACNA1C ஜீன் இதுக்கான குறிப்பை வச்சிருக்குன்னு எழுதுவாங்க, தமிழ்ல சி.ஏ.சி.என்.ஏ.1.சின்னு படிச்சுக்கங்க. வோல்டேஜ் மேல ஏற ஏற, அதாவது நெகட்டிவ் குறைஞ்சு சைபர் பக்கம் நகர நகர, இது திறக்கற வாய்ப்பு கிடுகிடுன்னு கூடும். −60ல கிட்டத்தட்ட மூடியே இருக்கும், −40ல ரொம்ப கொஞ்சம் சேனல் மட்டும் அப்பப்ப திறக்கும். ஆனா அந்த கொஞ்சமும் முழுசா ஓய்ஞ்சு போகாம தொடர்ந்து நடக்குது, அதனால கால்சியம் ஓயாம சொட்டிக்கிட்டே இருக்கு. பெரும்பாலான தமனிகள்ல இதயம் மாதிரி ஆக்‌ஷன் பொட்டென்ஷியல், அதாவது சட்டுனு பாயற மின் துடிப்பு, வர்றதில்லை, வோல்டேஜ் மெதுவா ஏறி இறங்கும், சுருக்கமும் அதோட ஏறி இறங்கும். இந்த ஏரியாவுல சரிவு எவ்வளவு செங்குத்துன்னா, வெறும் 3 மில்லிவோல்ட் மாறினாலே உள்ள வர்ற கால்சியம் ரெண்டு மடங்கு வரைக்கும் மாறக்கூடும். முந்தின படியில போட்ட கணக்கோட இதை சேர்த்து பாருங்க, ஒரு பிக்கோ ஆம்பியர் கூட வேண்டாம், குழாய் அசையும்.

உள்ள வந்த கால்சியம் என்ன பண்ணுது? எலும்புத் தசையிலயும் இதயத்துலயும் இருக்கற ட்ரோபோனின் இங்க வேலைக்கு இல்லை. நாலு கால்சியம் கால்மாடுலினோட சேரும், அது மயோசின் லைட் செயின் கைனேஸ்ங்கற என்சைமை எழுப்பும், அந்த என்சைம் மயோசினோட 20 கிலோடால்டன் லைட் செயின்ல ஒரு பாஸ்பேட்டை ஒட்டும், அப்பதான் மயோசின் ஆக்டினை பிடிச்சு இழுக்கும். பாஸ்பேட்டை பிச்சு எடுக்க மயோசின் பாஸ்பட்டேஸ் இருக்கு. ரோ கைனேஸ்னு இன்னொரு என்சைம் அந்த பாஸ்பட்டேஸை அமுக்கினா அதே கால்சியத்துக்கு சுருக்கம் கூடுதலா வரும், இதை கால்சியம் சென்சிடைசேஷன்னு சொல்வாங்க. சேனல் மட்டும்தான் எல்லாம்னு நினைச்சுடக் கூடாதுங்கறதுக்காக இதை இங்க சொல்றேன், வோல்டேஜ் மாறாமலே சுருக்கம் மாறறதுக்கு வழி இருக்கு.

படி 4: விரிய வைக்கற பக்கம், பொட்டாசியம் சேனல்கள்

விதி ஒண்ணுதான், மனசுல எழுதிக்கங்க. பொட்டாசியம் சேனல் திறந்தா பொட்டாசியம் வெளிய போகும், வோல்டேஜ் −88 பக்கம் இறங்கும், சி.ஏ.வி 1.2 மூடும், கால்சியம் குறையும், குழாய் விரியும். பொட்டாசியம் சேனலை அடைச்சா எல்லாம் தலைகீழ். இந்த குடும்பத்துல நாலு முக்கியமான ஆளுங்க.

முதல்ல பி.கே, அதாவது பிக் கே, கேன்னா பொட்டாசியம். பேருலயே பெரிசுன்னு இருக்கு, ஒரு சேனலோட கடத்துத்திறன் 200 பிக்கோசீமன்ஸுக்கும் மேல, மத்த பொட்டாசியம் சேனல்களை விட பல மடங்கு. இதைத் திறக்க வோல்டேஜும் வேணும் கால்சியமும் வேணும். சிக்கல் இங்கதான் ஆரம்பிக்குது. செல்லுக்குள்ள பொதுவா இருக்கற கால்சியம் நல்லா சுருங்கின நிலையிலயே 200, 300 நானோமோலார்தான், −40ல பி.கேயைத் திறக்க அது பத்தவே பத்தாது, மைக்ரோமோலார் கணக்குல வேணும். அப்ப இது எப்படி வேலை செய்யுது?

விடை கால்சியம் ஸ்பார்க். செல்லுக்குள்ள கால்சியத்தை சேமிச்சு வச்சிருக்கற சார்கோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் சில இடங்கள்ல வெளிச் சவ்வுக்கு ரொம்ப பக்கத்துல, நானோமீட்டர் கணக்குல, வந்து நிக்கும். அங்க இருக்கற ரயனோடின் ரிசப்டர்கள், அதாவது சேமிப்பிலேர்ந்து கால்சியத்தை வெளிய விடற கதவுகள், கொத்தா ஒரே நேரத்துல திறந்தா அந்த குட்டி இடைவெளியில மட்டும் கால்சியம் 10 மைக்ரோமோலாரையும் தாண்டி எகிறும், ஆனா செல் முழுக்க பரவறப்ப அது ஒண்ணுமே இல்லாத அளவு நீர்த்துப் போயிடும். எதிர்ல இருக்கற பி.கே சேனல்கள் பல ஒண்ணா திறக்கும், வோல்டேஜ் சட்டுனு கீழ இறங்கும். ஸ்பார்க்கை முதல்ல 1993ல இதயத் தசையில பார்த்தாங்க, அங்க அது சுருக்கத்துக்கு உதவற விஷயம். 1995ல மார்க் நெல்சன் குழு தமனியில பார்த்தப்ப அது நேர் எதிரா தளர வைக்குதுன்னு காட்டினாங்க. எனக்கு இந்த துறையிலயே ரொம்ப பிடிச்ச கண்டுபிடிப்பு இதுதான், ஏன்னா கால்சியம்னா சுருக்கம்னு நாம வச்சிருக்கற சூத்திரத்தை இது உடைச்சுடுது. அதே கால்சியம், அதே செல், வந்த இடம் மட்டும் வேற, பலன் தலைகீழ். அழுத்தத்துல இருக்கற மூளைத் தமனிக்கு ரயனோடின் கொடுத்து ஸ்பார்க்கை நிறுத்தினா தமனி தளராது, இன்னும் சுருங்கும். ஐபீரியோடாக்சின் கொடுத்து பி.கேயை அடைச்சாலும் அதேதான், ஒண்ணை அடைச்ச பிறகு இன்னொண்ணை கொடுத்தா கூடுதலா எதுவும் பெரிசா நடக்காது, ரெண்டும் ஒரே பாதைங்கறதுக்கு அதுவே சாட்சி.

பி.கேக்கு பீட்டா 1னு ஒரு துணை அலகு இருக்கு, ஸ்மூத் மசில்ல அதுதான் முக்கியம், கால்சியத்துக்கு சேனலோட உணர்திறனை கூட்டறது அது. 2000ல பீட்டா 1 ஜீனை எடுத்த எலிகளை உருவாக்கினாங்க, ஸ்பார்க் நல்லாவே வந்துச்சு, பி.கே மட்டும் சரியா பதில் சொல்லலை, தமனி கூடுதலா சுருங்கி ரத்த அழுத்தமும் ஏறிடுச்சு. ஒரே ஒரு துணை அலகு!

ரெண்டாவது கே.வி, வோல்டேஜ் ஏறினா திறக்கற பொட்டாசியம் சேனல்கள். கே.வி 1.5, கே.வி 2.1, கே.வி 7.4 இதெல்லாம் இந்த செல்லுல இருக்கு. வோல்டேஜ் மேல போகப் போக இது திறந்து கீழ இழுக்கும், அதனால இது கூடவே ஓடற பிரேக். இதைப் பத்தி இப்போதைக்கு இது போதும்.

மூணாவது கே.ஐ.ஆர் 2.1, இதுல ஒரு அழகான புதிர் இருக்கு, நிதானமா படிங்க. வெளியில பொட்டாசியத்தை 60 மில்லிமோலாருக்கு ஏத்தினா தமனி இறுக்கமா சுருங்கும். நெர்ன்ஸ்ட் போட்டு பாருங்க, 60 வகுத்தல் 140, −22 வரும், அப்ப பொட்டாசியமே வோல்டேஜை −22 பக்கம் இழுக்கும், கால்சியம் சேனல் நல்லா திறக்கும், சரிதான். ஆனா வெளி பொட்டாசியத்தை 10க்கு மட்டும் ஏத்தினா பல சின்ன தமனிகள், குறிப்பா மூளையிலயும் இதயத்துலயும், விரியுது! அதே அயனி, அதே திசையில மாற்றம், பலன் எதிர். ஏன்? சாதாரண நிலையில −40ல கே.ஐ.ஆர் சேனலை உள்ளேருந்து ஸ்பெர்மின் மாதிரி பாலிஅமீன்களும் மக்னீசியமும் அடைச்சு வச்சிருக்கும். வெளி பொட்டாசியம் கொஞ்சம் ஏறினா அந்த அடைப்பு விலகும், சேனல் கடத்த ஆரம்பிக்கும். 10 மில்லிமோலார்ல பொட்டாசியத்தோட நெர்ன்ஸ்ட் நம்பர் −70, அது −88ஐ விட மேலதான், ஆனா செல் இருக்கறது −40ல, அதனால சேனல் திறந்தா செல் −70 பக்கம் இறங்கத்தான் செய்யும். செல் எங்க இருக்கு, சேனல் எங்க இழுக்குதுன்னு ரெண்டையும் பார்த்தாதான் இது விளங்கும். மூளையில நரம்புகள் வேலை செய்யறப்ப அந்த இடத்துக்கு உடனே ரத்தம் கூடறதுக்கு இந்த பொறியமைப்பு ஒரு முக்கிய காரணம், நரம்பு வேலை செஞ்சா வெளிய பொட்டாசியம் சேரும், அதை கே.ஐ.ஆர் உணரும். தந்துகிகளோட எண்டோதீலியத்துல (ரத்தக்குழாயோட உள் பக்கத்தை மூடியிருக்கற செல் அடுக்கு) இருக்கற கே.ஐ.ஆர் கூட இதை உணர்ந்து மேல இருக்கற ஆர்ட்டீரியோலுக்கு மின் சிக்னலா அனுப்புதுன்னு 2017ல காட்டினாங்க. பேரியம் பத்து மைக்ரோமோலார் கணக்குல கொடுத்தாலே கே.ஐ.ஆர் அடைஞ்சுடும்.

நாலாவது கே.ஏ.டி.பி. கே.ஐ.ஆர் 6.1ம் எஸ்.யூ.ஆர் 2பியும் சேர்ந்தது. உள்ள ஏ.டி.பி, அதாவது செல்லோட எரிபொருள், குறைஞ்சா திறக்கும்ங்கறது பேருக்கான காரணம், ஆனா ரத்தக்குழாய்ல இதை அன்றாடம் திறந்து மூடறது பெரும்பாலும் ஹார்மோனும் நரம்பு சிக்னலும்தான், சைக்ளிக் ஏ.எம்.பிங்கற உள் சிக்னல் பொருள் ஏறினா புரோட்டீன் கைனேஸ் ஏ வழியா திறக்கும், புரோட்டீன் கைனேஸ் சி மூடும். உடம்புலயே உண்டாகற அடினோசினும், நரம்பு முனை விடற சி.ஜி.ஆர்.பியும் விரிய வைக்கறதுல இதுக்கு பங்கு இருக்கு.

படி 5: சுருங்க வைக்கற பக்கம்

இப்ப அந்த குளோரைடு 40க்கு வருவோம். நிறைய பேர் குளோரைடு சேனல் திறந்தா செல் அமைதியாகும்னு நரம்பு பாடத்துலேர்ந்து கொண்டு வருவாங்க. இங்க குளோரைடோட நெர்ன்ஸ்ட் நம்பர் −30 கிட்ட, செல் −40 சொச்சத்துல. அதனால குளோரைடு சேனல் திறந்தா குளோரைடு வெளிய போகும், வோல்டேஜ் மேல ஏறும், குழாய் சுருங்கும். இந்த செல்லுல கால்சியத்தால திறக்கற குளோரைடு சேனல் டி.எம்.ஈ.எம் 16 ஏ, அனோக்டமின் 1னும் சொல்வாங்க, 2008ல மூணு குழுக்கள் தனித்தனியா இதை அடையாளம் கண்டாங்க. செல்லுக்குள்ள குளோரைடை இப்படி ஏத்தி வைக்கறது சோடியம் பொட்டாசியம் குளோரைடு கடத்தி மாதிரியான கடத்திப் புரதங்கள்தான், அதுங்க இல்லேன்னா இந்த சேனலோட குணமே மாறிடும்.

அடுத்து டி.ஆர்.பி குடும்பம். டி.ஆர்.பி.சி 6 சோடியத்தையும் கால்சியத்தையும் உள்ள விடும், சவ்வுக் கொழுப்புலேர்ந்து வர்ற சிக்னல் பொருளான டையசில்கிளிசரால் இதைத் திறக்கும். டி.ஆர்.பி.எம் 4 கொஞ்சம் விசேஷம், உள்ள கால்சியம் ஏறினா திறக்கும், ஆனா கால்சியத்தை விடாது, சோடியம் பொட்டாசியம் மட்டும். −40ல சோடியம் உள்ள வர்ற இழுப்புதான் அதிகம், அதனால வோல்டேஜ் ஏறும்.

டி.ஆர்.பி.வி 4ஐ இந்த வரிசையில வைக்கறப்ப ஜாக்கிரதை, கால்சியத்தை உள்ள விடற சேனலா இருந்தும் அது ரயனோடின் ரிசப்டரை தூண்டி ஸ்பார்க்கை கூட்டி பி.கே வழியா விரியவும் வைக்குது. இடம் முக்கியம்னு மேல சொன்னேனே, இங்கயும் அதேதான்.

படி 6: ஒரு தமனியில அழுத்தத்தை ஏத்திப் பாருங்க

இதுவரைக்கும் தனித்தனியா பார்த்ததை இப்ப ஓட விடணும். 1902ல வில்லியம் பெய்லிஸ் எழுதினார், ரத்தக்குழாய்க்குள்ள அழுத்தம் ஏறினா அது ரப்பர் குழாய் மாதிரி உப்பாம தானே சுருங்குதுன்னு. நரம்பும் வேண்டாம், எண்டோதீலியமும் வேண்டாம், தசையே பண்ணுது. இதை மயோஜெனிக் டோன்னு சொல்றோம்.

1998ல எலியோட மூளைத் தமனியில இதை அளந்தாங்க. அழுத்தம் 10லேர்ந்து 100 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு ஏறினப்ப வோல்டேஜ் −63லேர்ந்து −36க்கு வந்துச்சு, உள்ள கால்சியம் 119லேர்ந்து 245 நானோமோலாருக்கு ஏறிச்சு, குழாய் கிட்டத்தட்ட பாதிக்கு சுருங்கிடுச்சு. கால்சியம் வெறும் ரெண்டு மடங்குதான் ஏறியிருக்கு, அதுக்கே இவ்வளவு!

வரிசை இப்படி: அழுத்தம் செல்லை இழுக்குது, சவ்வுல இருக்கற ஏதோ ஒண்ணு அதை உணருது, டி.ஆர்.பி.சி 6, ஐ.பி.3 ரிசப்டர் (ரெட்டிகுலத்துலேர்ந்து கால்சியத்தை விடற இன்னொரு கதவு), டி.ஆர்.பி.எம் 4 இந்த சங்கிலி வழியா வோல்டேஜ் ஏறுது, சி.ஏ.வி 1.2 திறக்குது, கால்சியம் வருது, சுருங்குது. இழுப்பை முதல்ல உணர்றது சேனலா, இல்ல ஆஞ்சியோடென்சின் டைப் 1 மாதிரி ஜி புரோட்டீன் ரிசப்டரான்னு இன்னும் விவாதம் நடக்குது, ரிசப்டர் பக்கம் நல்ல ஆதாரங்கள் இருக்குன்னு நான் நினைக்கறேன், ஆனா தமனிக்கு தமனி இது மாறும். அதே நேரத்துல பிரேக்கும் விழுது, வோல்டேஜ் ஏறினதால கே.வி திறக்குது, கால்சியம் ஏறினதால ரெட்டிகுலம் நிரம்பி ஸ்பார்க் கூடுது, பி.கே திறக்குது. அதனாலதான் தமனி இறுகி அடைச்சுக்காம பாதியில நிக்குது, அந்த −40 சொச்சம் இப்படி ரெண்டு பக்கமும் இழுத்து வந்த நம்பர்.

படி 7: வெளியிலேர்ந்து வர்ற உத்தரவுகள்

நோர்அட்ரினலின் ஆல்பா 1 ரிசப்டர்ல உக்காந்தா ஜி.க்யூ புரோட்டீன், பாஸ்போலிபேஸ் சி, அதுலேர்ந்து ஐ.பி.3ம் டையசில்கிளிசராலும் வரும். ஐ.பி.3 சேமிப்பிலேர்ந்து கால்சியத்தை விடும், அது அனோக்டமின் 1ஐ திறக்கும், டையசில்கிளிசரால் டி.ஆர்.பி.சி 6ஐ திறக்கும், புரோட்டீன் கைனேஸ் சி பொட்டாசியம் சேனல்களை அமுக்கும், ரோ கைனேஸ் வழியா சென்சிடைசேஷனும் வரும். எல்லாம் ஒரே பக்கம் இழுக்குது.

எதிர்ப்பக்கம் எண்டோதீலியம். 1980ல ஃபர்ச்காட்டும் சவாட்ஸ்கியும் அசிட்டைல்கோலின் தமனியை தளர்த்தணும்னா எண்டோதீலியம் இருந்தே ஆகணும்னு காட்டினாங்க, அந்த பொருள் நைட்ரிக் ஆக்சைடுன்னு பின்னாடி தெரிஞ்சது, 1998ல ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூணு பேருக்கும் நோபல் பரிசு கிடைச்சது. நைட்ரிக் ஆக்சைடு சைக்ளிக் ஜி.எம்.பியை ஏத்தி புரோட்டீன் கைனேஸ் ஜியை எழுப்பும், அது பி.கேயை கூட்டும், மயோசின் பாஸ்பட்டேஸையும் கூட்டும், கால்சியத்தை சேமிப்புக்குள்ள தள்றதையும் கூட்டும். ஆனா ரொம்ப சின்ன தமனிகள்ல நைட்ரிக் ஆக்சைடை விட இன்னொரு வழி முக்கியம். எண்டோதீலியத்துல கால்சியம் ஏறினா அங்க எஸ்.கே, ஐ.கேங்கற கால்சியத்தால திறக்கற பொட்டாசியம் சேனல்கள் திறந்து எண்டோதீலியம் இன்னும் நெகட்டிவ் ஆகும், அந்த வோல்டேஜ் மாற்றம் கேப் ஜங்ஷன்ங்கற செல்லுக்கு செல் இருக்கற நேரடி இணைப்புகள் வழியா நேரா தசை செல்லுக்கு பாயும். தசை செல்லுல ஒரு சேனலும் திறக்காமலே அதோட வோல்டேஜ் இறங்கிடும். கிகா ஓம் கணக்கை நினைச்சுக்கங்க, கொஞ்சம் கரண்ட் கசிஞ்சாலே போதும்.

படி 8: மருந்துகளை இந்த படத்துல வைங்க

அம்லோடிபின், நிஃபெடிபின் ரெண்டும் டைஹைட்ரோபிரிடின்கள், சி.ஏ.வி 1.2ஐ அடைக்கும். இதே சேனல் இதயத்துலயும் இருக்கே, இதயம் ஏன் நிக்கலைன்னு கேக்கணும் நீங்க. டைஹைட்ரோபிரிடின் இன்ஆக்டிவேட் ஆன, அதாவது வோல்டேஜ் மேலயே இருக்கறதால செயலிழந்து நிக்கற சேனலை நல்லா பிடிச்சுக்கும். இதய செல் துடிப்புக்கு நடுவுல −85 கிட்ட இறங்கி சேனலை புதுப்பிச்சுக்குது, தமனி செல்லோ எப்பவும் −40லயே இருக்கு, அதனால மருந்து அங்க கூடுதலா ஒட்டுது, தமனியில இருக்கற சேனல் வகையும் கொஞ்சம் வேற. வோல்டேஜ் தெரிஞ்சதால மருந்தோட குணம் புரியுது பாருங்க. கணுக்கால் வீக்கம் இந்த மருந்துகளோட தெரிஞ்ச பக்க விளைவு, ஆர்ட்டீரியோல் விரியற அளவு சிரை விரியாததால தந்துகியில அழுத்தம் ஏறி நீர் கசியறதுதான் காரணம்.

மினாக்சிடில் உடம்புல மினாக்சிடில் சல்பேட்டா மாறி கே.ஏ.டி.பியைத் திறக்கும். அதோட ஒரு விளைவு முடி வளர்றது. கான்டு சிண்ட்ரோம்னு ஒரு அரிய பரம்பரை நோய் இருக்கு, எஸ்.யூ.ஆர் 2 அல்லது கே.ஐ.ஆர் 6.1 ஜீன் மாற்றத்தால கே.ஏ.டி.பி தேவைக்கு மேல திறந்தே இருக்கும், அவங்களுக்கும் உடம்புல முடி அதிகம், இதயம் பெரிசா இருக்கும், ரத்தக்குழாய்கள் விரிஞ்சு இருக்கும். மருந்தும் ஜீனும் ஒரே கதையை சொல்றது இங்க நல்லா தெரியும். நிகோராண்டில் கே.ஏ.டி.பி திறப்பானும் நைட்ரேட்டும் சேர்ந்த மருந்து. க்ளிபென்க்ளமைடு கே.ஏ.டி.பியை அடைக்கும், சர்க்கரை நோய்க்கு கொடுக்கறது கணையத்துல இருக்கற எஸ்.யூ.ஆர் 1 வகைக்காக.

படி 9: ஒரு ஆய்வுக் கட்டுரையை எப்படி பரிசோதிக்கறது

ஏதாவது ஒரு பொருள் தமனியை விரிய வைக்குது, அது பொட்டாசியம் சேனல் வழியாதான்னு யாராவது சொன்னா முதல்ல தேட வேண்டியது 60 மில்லிமோலார் பொட்டாசியம் சோதனை. அந்த கரைசல்ல பொட்டாசியத்தோட நம்பரே −22, அப்ப பொட்டாசியம் சேனலை எவ்வளவு திறந்தாலும் வோல்டேஜ் கீழ இறங்காது. அதனால அந்த பொருள் 60லயும் அதே அளவு விரிய வைச்சா பொட்டாசியம் சேனல் விளக்கம் தாங்காது, கால்சியம் சேனல் அடைப்போ பாஸ்பட்டேஸோ வேற வழி இருக்கு. 30ல வேலை செஞ்சு 60ல செய்யலேன்னா பொட்டாசியம் சேனல் சந்தேகம் வலுக்கும்.

அடுத்து அடைப்பானோட அளவு. டெட்ராஎத்தில் அமோனியம் 1 மில்லிமோலார் வரைக்கும் பெரும்பாலும் பி.கே, அதுக்கு மேல போனா கே.வியையும் பிடிக்கும். பேரியம் நூறு மைக்ரோமோலாருக்குள்ள கே.ஐ.ஆர், கூடினா கே.ஏ.டி.பி எல்லாம் சேரும். ஐபீரியோடாக்சின் 100 நானோமோலார்ல பி.கேக்கு நல்ல தேர்வு. அளவே எழுதாத கட்டுரையை நான் நம்பறதில்லை.

மூணாவது, செல் எந்த நிலையில இருந்துச்சு. நேஹரும் சாக்மனும் 1976ல கொண்டு வந்த பேட்ச் கிளாம்ப், அதாவது பிப்பெட்ங்கற மெல்லிய கண்ணாடிக் குழாயை சவ்வுல ஒட்டி கரண்டை அளக்கற முறைதான் தனி சேனலை பார்க்கற வழி, 1991ல அவங்களுக்கு நோபல். ஆனா செல்லை பிரிக்க என்சைம் போடறாங்க, சாதாரண முழு செல் முறையில பிப்பெட் கரைசல் உள்ள போய் ஏ.டி.பி, கால்சியம் எல்லாத்தையும் மாத்திடும். ஸ்பார்க்கும் பி.கேயும் மாதிரி நுட்பமான விஷயத்துக்கு ஆம்போடெரிசின்ங்கற மருந்தை வச்சு சவ்வுல குட்டித் துளை மட்டும் போடற முறை நல்லது. அதோட அழுத்தமே இல்லாத தமனி −60ல இருக்கும், கே.வியும் பி.கேயும் அங்க தூங்கிட்டுதான் இருக்கும், அந்த தமனியில அடைப்பான் கொடுத்து ஒண்ணும் நடக்கலைன்னு சொன்னா அது சேனல் இல்லைங்கறதுக்கு சாட்சி ஆகாது. அழுத்தம் கொடுத்த மயோகிராஃப்ல (தமனியோட சுருக்கத்தை அளக்கற கருவி) செஞ்சாங்களான்னு பாருங்க.

படி 10: நுரையீரலுக்கு போனா எல்லாம் மாறும்

ஆக்சிஜன் குறைஞ்சா உடம்போட மத்த தமனிகள் பொதுவா விரியும், நுரையீரல் தமனி சுருங்கும், காத்து வராத பகுதியை விட்டு ரத்தத்தை நல்ல பகுதிக்கு திருப்பி விடறதுக்காக. அங்க ஆக்சிஜன் குறைஞ்சா கே.வி 1.5 மாதிரி சேனல்கள் மூடுது, வோல்டேஜ் ஏறுது, சி.ஏ.வி 1.2 திறக்குது. அதே சங்கிலிதான், முதல் கண்ணி மட்டும் வேற. நுரையீரல் தமனி செல்லுல ஓய்வு வோல்டேஜை கீழ பிடிச்சு வைக்கறதுல டாஸ்க் 1ங்கற பொட்டாசியம் சேனலுக்கும் பங்கு இருக்கு. 2013ல நுரையீரல் தமனி உயர் அழுத்த நோய் உள்ள சில குடும்பங்கள்ல இந்த சேனலோட ஜீன் மாற்றங்களை கண்டுபிடிச்சாங்க, சேனல் வேலை குறைஞ்சதுதான் அங்க பிரச்சனை, அதுல சில மாற்றங்களை ஆய்வகத்துல ஒரு மருந்துப் பொருளால ஓரளவு சரி பண்ணவும் முடிஞ்சது.